நெட்டுவாக்கில் அம்மா

மில் விடுதி
9.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தமிழினி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றியதா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே சாப்பாடு, வேலை எல்லாம் நன்றாக இருக்கிறது. (வார்டன் அம்மா, படித்துவிட்டீர்களா? நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறேன்.)

போனை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வார்டன் மேசையில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுவது பேச்சாகவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தறியை விட்டு நாமகிரிப்பேட்டை ஸ்டுடியோவில் சேர்ந்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். நல்லது. இனி ஒரு உதவி கேட்கலாம் அல்லவா?

எனக்கு அம்மாவின் முகம் மறக்கிறது அண்ணா. குரல் இருக்கிறது, நடை இருக்கிறது. முகத்தை நினைத்தால் ஆதார் அட்டையில் இருக்கிற அந்த வெளிறிய பொம்மைதான் வருகிறது. அது அம்மாவே இல்லை. ஆத்தூர் ரோட்டில் லாரி மோதி அம்மா போன அன்று, இங்கே விடுப்புக் கொடுத்து, நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டீர்கள். ஒரு அரை நாள் எனக்காகக் காத்திருக்கக் கூடாதா?

தை மாதம், அம்மா வேலைக்குப் போன காட்டுக்காரர் வீட்டுக் கனிஷ்கா அக்கா கல்யாணத்துக்குப் பாத்திரம் கழுவப் போனபோது, கேமராக்காரர் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வெள்ளை அட்டையைக் கையில் கொடுத்து நிறுத்திக்கொண்டாராம். “தோளே உட்டுப்போச்சு சாமி”னு போனில் சொன்னாள். உன் ஸ்டுடியோதானே அந்தக் கல்யாணத்தை எடுத்தது? அதில் ஏதாவது ஒரு படத்தில் அம்மா விழுந்திருப்பாளா, பார்.

உன் தங்கை,
தமிழினி


நாமகிரிப்பேட்டை
22.6.2024

பாப்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு வீக்கம் வற்றிவிட்டது, வாய்தான் வற்றவில்லை. நான் சாப்பிடுகிறேன்.

எனக்கு இங்கே என்ன வேலை தெரியுமா? வெட்டுவது. எங்கள் முதலாளி தீனதயாளன் அண்ணன் எல்லாப் படத்தையும் படுக்கைவாக்கில், சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுக்கிறார். ஆல்பத்தில் நெட்டுவாக்கில் வேண்டுமென்றால் நான் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தின் மேல் ஒரு நெட்டுக் கட்டம் போட்டு, இரண்டு பக்கமும் வெட்டி எறிகிறேன். “ஓரத்துல எது இருந்தாலும் கவலப்படாத தம்பி, ஓரம் நமக்கில்ல” என்பார். ஓரத்தில் என்ன இருக்கும்? குடை பிடிக்கிறவன், மணப்பெண்ணின் முந்தானையைத் தூக்கிப் பிடிக்கிறவள், ஜூஸ் தட்டோடு வந்துவிட்டுத் திருதிருவென்று விழிக்கிற பையன். நாள் முழுக்க இவர்களைத்தான் வெட்டுகிறேன்.

கனிஷ்கா கல்யாணப் படங்கள் இங்கேதான் இருக்கின்றன. பெண் பெங்களூர் போய்விட்டதால் ஆல்பத்துக்கு இன்னும் படம் பொறுக்கவில்லை. மூலப் படங்கள் இருக்கிற ஹார்ட் டிஸ்க் முதலாளி பீரோவில். நான் புது ஆள், கேட்கப் பயமாக இருக்கிறது. அவர்கள் வாட்ஸப்பில் சுற்றிவிட்ட படம் ஒன்றில் ஓரத்தில் அம்மா மாதிரி ஒரு உருவம் இருந்தது. அதை மட்டும் வெட்டி, பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்.

ஜீவா


மில் விடுதி
3.7.2024

அன்புள்ள அண்ணா,

நலம். உன் நலமும் அப்பா நலமும் அறிய ஆவல்.

நீ அனுப்பிய படத்தை அறையில் எல்லோருக்கும் காட்டினேன். இனியா, அவளும் நம் பக்கத்துப் பிள்ளைதான், சிங்களாந்தபுரம், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏன்டி, கோழிப்பண்ணைய வானத்துல இருந்து எடுத்ததா?” என்று கேட்டாள். சிரித்தோம். அப்புறம் நான் குளியலறைக்குப் போய்விட்டேன்.

எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புச் சதுரம். இதைத்தான் வெட்டக் கற்றுக்கொண்டாயா?

எனக்குப் பெரிய படம் வேண்டாம் அண்ணா. கட்சிக்காரன் பிளெக்ஸ் மாதிரி வேண்டவே வேண்டாம். அம்மா முகம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக, நெட்டுவாக்கில், ஆள் நேரே நிற்கிற மாதிரி வேண்டும். என் முகத்துக்கு எதிரே வைத்தால் சரியாக இருக்க வேண்டும். முடியுமா, முடியாதா, அதைச் சொல்.

ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

தமிழினி


நாமகிரிப்பேட்டை
28.7.2024

பாப்பா,

நலம்தானே? நீ திட்டியது சரி. வாட்ஸப்பில் வருவது பிழிந்துபோன படம். படம் என்பது புள்ளிகள். வெட்டினால் புள்ளி குறையும். குறைந்த புள்ளியை இழுத்துப் பெரிய தாளில் பரப்பினால் புள்ளிக்குப் புள்ளி சந்து தெரியும். அரை மீட்டர் துணியில் முழுச்சட்டை தைக்கப் பார்த்தேன், அவ்வளவுதான். மூலப் படத்தில் அகலத்தில் ஆறாயிரம் புள்ளி, உயரத்தில் நாலாயிரம். அதிலிருந்து வெட்டினால்தான் முகம் முகமாக நிற்கும்.

முதலாளியிடம் கேட்டுவிட்டேன். “பார்ட்டி படத்த வெளிய உட்டா நாளைக்குக் கடைக்கு எவன்டா வருவான்?” என்று எகிறினார். பிறகு, “பாத்துக்க. பாக்கறதோட செரி” என்று டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு வாரமாக வேலை முடிந்ததும் உட்கார்ந்து பார்க்கிறேன். அம்மா இருக்கிறாள் பாப்பா. ஆனால் முகம் இல்லை. மணமேடை படத்தில் அம்மாவின் ஒரு முழங்கை. தோட்டத்தில் எடுத்த படங்களில் ஒரு பெரிய தெர்மாக்கோல் அட்டை, அதைப் பிடித்திருக்கிற பத்து விரல், கீழே அம்மாவின் காப்பிக்கலர் சேலை. முகம் அட்டைக்குப் பின்னால். வெயிலை வாங்கி அந்தப் பெண் முகத்தில் அடிக்கிற அட்டை. அட்டைக்குப் பின்னால் இருக்கிறவளுக்கு நிழல்தான்.

கோபத்தில் கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். அணைப்பதற்கு முன் அந்த விரல்களை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். குச்சிக்கிழங்குப் பால் ஏறிக் கறுத்த நகக்கண் தெரிகிறது. கட்டைவிரலில் குறுக்கே ஓடுகிற வெட்டுத் தழும்பு தெரிகிறது, அதன் ஓரத்தில் தையல் போட்ட புள்ளிகள்கூட. எந்தப் பாவி ஓரம் என்று விட்டானோ, அந்த ஓரத்தை அந்தக் கேமரா நடுப்பகுதியைப் போலவே அக்கறையாக எழுதி வைத்திருக்கிறது. அதற்கு நடு, ஓரம் தெரியாது. நமக்குத்தான் தெரிகிறது.

இன்னும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

ஜீவா


மில் விடுதி
8.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இங்கே வேலை நன்றாக இருக்கிறது, எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். நான் மூன்றாவது படிக்கும்போது கிழங்கு வெட்டுகையில் பட்டது. வலது கை. சரிதானே?

கை வந்துவிட்டது என்றால் முகம் வரும். தேடு.

போனில் அப்பாவிடம் கேட்டேன், ஏன் காத்திருக்கவில்லை என்று. போனை உன்னிடம் கொடுத்துவிட்டார். நீ வெயிலைப் பற்றிப் பேசினாய்.

தமிழினி


நாமகிரிப்பேட்டை
1.9.2024

பாப்பா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

கிடைத்துவிட்டாள்.

ரிஜெக்ட் என்று தனியாகத் தள்ளி வைத்திருந்த படங்களில் இருந்தது. கண் மூடியது, ஆடியது, இருட்டடித்தது எல்லாம் அதில்தான் கிடக்கும். ஒரு படத்தில் கனிஷ்கா கறுப்பாக, புகை மாதிரி இடது பக்கம் நிற்கிறாள். வலது பக்கம், கேமராவுக்கு மிக அருகில், நம் அம்மா.

என்ன நடந்திருக்கிறது என்றால், கை கடுத்துப்போய் அட்டையை இறக்கியிருக்கிறாள். இறக்கியதில் அட்டை மல்லாந்து, அது வாங்கிய வெயில் மொத்தமும் அம்மா முகத்தில் விழுந்திருக்கிறது. மணப்பெண் நிழலுக்குள் போய்விட்டாள். கேமரா எந்த முகம் தெளிவாக இருக்கிறதோ அதைத்தான் பிடிக்கும். அம்மாவைப் பிடித்துவிட்டது. அவள் வேலையை நிறுத்திய அந்த ஒரு நொடியில்தான் வெளிச்சம் அவளுக்குக் கிடைத்திருக்கிறது.

பெரிதாக்கினேன். மூக்குத்திப் பொட்டு. இடது புருவத்துக்குள் ஒளிந்திருக்கிற மச்சம். உதட்டுக்கு மேலே வேர்வை, ஒவ்வொரு துளியும் தனித்தனியாக. பெரிதாக்கப் பெரிதாக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது பாப்பா, முடிவே இல்லை. இருபத்து நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். இந்த முகத்தை ஒரு நாள்கூட இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. அதைவிட அந்தக் கண். நேராகப் பார்க்கிறாள். அவர்கள் வீட்டு வாசலில் தரையைப் பார்த்துப் பேசுகிற அம்மா இல்லை இது. ‘இப்ப என்ன?’ என்கிற பார்வை.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது நான் எடுத்ததாடா?” என்றார். பிறகு, “‘ஏக்கா, தூக்கிப் புடிக்கா’ன்னு சத்தம் போட்டேன். அப்பப் பாத்த பார்வை இது” என்றார்.

இதைக் கேள். மறுநாளே கனிஷ்கா மாமியாரோடு படம் பொறுக்க வந்துவிட்டாள். ரிஜெக்டையும் காட்டச் சொன்னாள். அந்தப் படம் வந்ததும், “ஐயோ, இதுல நான் கறுப்பா இருக்கறேனுங்க. டெலிட் பண்ணிருங்க. இந்த மாதிரி ரிஜெக்ட் எல்லாத்தையும் அழிச்சிருங்க” என்றாள். பிறகு கொஞ்சம் குனிந்து பார்த்து, “ஆனா இவங்க எவ்வளவு நல்லா உழுந்திருக்காங்க! யாருங்க இவங்க? மேக்கப்புக்கு வந்தவங்களா?” என்றாள்.

“எங்கம்மாங்க. உங்க காட்டுல எட்டு வருசம் கெழங்கு புடுங்குனாங்க. பேரு பெருமாயிங்க.”

“அப்படீங்களா? நாங்க காட்டுப்பக்கம் அவ்வளவா போறதில்லீங்க” என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எட்டு வருடம்!

அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். ரிஜெக்ட் எல்லாம் அழிக்கப்பட வேண்டும் என்று உத்தரவு. நான் இன்னும் அழிக்கவில்லை.

ஜீவா


மில் விடுதி
19.9.2024

அண்ணா,

இதை இனியா கையில் கொடுத்து அனுப்புகிறேன், வார்டன் படிக்கவில்லை. இனியாவுக்கு டைபாய்டு. மூன்று நாள் காய்ச்சலோடு மெஷினில் நிற்க வைத்து, மயங்கி விழுந்த பிறகுதான் விடுப்புக் கொடுத்தார்கள். எனக்கு இருமல் இருக்கிறது, பஞ்சுதான். அப்பாவிடம் சொல்லாதே.

நீ எழுதியதைப் போர்வைக்குள் வைத்துப் படித்தேன். புருவத்துக்குள் மச்சம் என்று வந்ததும் சட்டென்று அந்த இடம் மட்டும் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த இடம் மட்டும். சுற்றிலும் இன்னும் ஒன்றுமில்லை. சீக்கிரம் அனுப்பு.

அழித்துவிடாதே. சண்டையும் போடாதே, வேலை போய்விடும். கனிஷ்கா அக்கா தன்னைத்தானே அழிக்கச் சொன்னாள், அம்மாவை அழிக்கச் சொல்லவில்லை என்று முதலாளியிடம் சொல்லிப் பார். அவள் இருக்கிற பக்கத்தை வெட்டிவிட்டால் அது யார் படம்? அம்மா படம்தானே?

ஒன்று மட்டும். வெட்டும்போது அட்டையை வெட்டிவிடாதே. வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

தமிழினி


நாமகிரிப்பேட்டை
17.10.2024

பாப்பா,

இருமலுக்கு இத்துடன் மருந்து வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை. இனியா தேறிவிட்டாள், அவளிடம்தான் எல்லாவற்றையும் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ சொன்னதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். “உன் தங்கச்சி வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும்டா” என்றார். ஒரே நிபந்தனை: மணப்பெண்ணின் ஒரு நூல்கூடப் படத்தில் இருக்கக் கூடாது.

அங்கேதான் சிக்கல். நாலாயிரம் புள்ளி உயரத்தில் ஒரு புள்ளியைக்கூட விடாமல் நெட்டுக் கட்டம் போட்டால், பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத் தாளில் அம்மா முகம் நிஜ முகத்தின் அளவுக்கே வருகிறது. கையால் அளந்து பார்த்தேன், நெற்றியிலிருந்து தாடை வரை. அங்குலத்துக்கு இருநூறு புள்ளிக்குக் குறையவில்லை. கட்டமே தெரியாது. ஆனால் அட்டையின் இடது மூலை போகிற இடத்தில் கனிஷ்காவின் பட்டுத் தோள் வந்துவிடுகிறது. கட்டத்தை வலது பக்கம் தள்ள முடியாது, அங்கே படம் முடிந்துவிட்டது. கட்டத்தையே சிறிதாக்கினால் உயரம் போகும், அட்டை போகும், புள்ளியும் போகும்.

இரண்டு நாள் உருட்டினேன். பிறகு தோன்றியது, பன்னிரண்டுக்குப் பதினெட்டு என்பது யார் போட்ட அளவு? படத்துக்குச் சட்டம் விற்கிறவன் போட்டது. அம்மா எதற்கு அதற்குள் அடங்க வேண்டும்? உயரத்தை அப்படியே விட்டுவிட்டு, அகலத்தை மட்டும் தோள் முடிகிற இடம் வரை குறைத்தேன். அட்டையின் மூலை மட்டும் போனது. ஒடுக்கமாக, உயரமாக, கதவு கொஞ்சம் திறந்து அதில் ஒரு ஆள் நிற்கிற மாதிரி ஒரு படம். பெரிய தாளிலேயே பிரிண்ட் போட்டு, மிச்ச வெள்ளையை முதலாளியே பிளேடு வைத்து அறுத்துக் கொடுத்தார். மேட் தாள், நல்ல தாள். தொட்டால் கைரேகை விழாது.

பிரிண்டர் மேலிருந்து கீழாகத்தான் தள்ளும். முதலில் தலைமுடி வந்தது. பிறகு நெற்றி. அப்புறம் கண் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டோம்.

தீபாவளிக்குப் பார்.

ஜீவா


நாமகிரிப்பேட்டை
24.11.2024

பாப்பா,

உடம்பு எப்படி இருக்கிறது? இருமல்? படம் வந்து சேர்ந்ததா? இனியா கொடுத்துவிட்டதாக அவள் வீட்டில் சொல்கிறார்கள். தீபாவளி போய் மூன்று வாரம் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனுக்கும் நீ வருவதில்லை, வேலை இருக்கிறது என்று வார்டன் சொல்கிறார். படம் சரியில்லையா? மடங்கிவிட்டதா? மடங்கியிருந்தால் சொல், வேறு போடுகிறேன். ஏதாவது ஒரு வரி எழுது.

அண்ணன்,
ஜீவா


மில் விடுதி
8.12.2024

அன்புள்ள அண்ணா,

இருமல் குறைந்துவிட்டது. உன்னை இவ்வளவு நாள் காக்க வைத்ததற்குத் திட்டாதே.

படம் ஐப்பசியிலேயே வந்துவிட்டது. தீபாவளி அன்று பிரிக்கலாம் என்று சுருளை அப்படியே வைத்திருந்தேன். அன்று காலையில் அப்பா போனில் பேசினார். பண்டிகைக்கு வார்டன் ஊருக்குப் போயிருந்ததால் ஸ்பீக்கர் இல்லை. நான் மறுபடியும் கேட்டேன். அப்பா அழுதுகொண்டே சொல்லிவிட்டார். காத்திருந்தாலும் பார்க்க முகம் இல்லை என்று. நீதான் பெரியவர்களோடு மல்லுக்கட்டி, பாப்பா வருவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று நின்றாயாம்.

அதற்குப் பிறகு சுருளைப் பிரிக்க எனக்குப் பயம். பிரித்தால் நீ அனுப்பிய முகத்துக்கு மேல் அப்பா சொன்னது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று. கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. உன் கடைசிக் கடிதம் வந்த பிறகும் நாலு நாள் பார்க்கவில்லை.

போன வாரம் ஒரு நாள் இனியா கேட்கவே இல்லை, அவளாக எடுத்துப் பிரித்து, அலமாரி மேல் சுவரோடு சாய்த்துவிட்டாள். நான் குளித்துவிட்டுத் துண்டோடு உள்ளே வருகிறேன். கதவுக்கு எதிரே அம்மா.

என்ன எழுதுவது அண்ணா. அப்பா சொன்னது எங்கேயும் வந்து உட்காரவில்லை, அதற்கு இடமில்லை. அவ்வளவு இருக்கிறாள். எனக்கு எதிரே, என் உயரத்தில், என் முகம் அளவுக்கு. அட்டை வெளிச்சம் தாடைக்கு அடியிலிருந்து ஏறி நெற்றி வரைக்கும் போகிறது. நான் மறந்துபோனதெல்லாம் அங்கே இருந்தது, எனக்குத் தெரியவே தெரியாததும் இருந்தது. கோபம் வந்தால் அம்மாவுக்கு இடது மூக்கு மட்டும் விரியும் என்று உனக்குத் தெரியுமா? எனக்கும் விரியும். இனியா சொல்லித்தான் தெரிந்தது.

அன்று நடந்ததைப் பற்றி நீ எனக்கு எழுதவில்லை. இனியும் எழுத வேண்டாம்.

படம் என் பெட்டிக்குள் அடங்கவில்லை. பலகையில் ஒட்டிக் கட்டிலுக்குத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் பஞ்சுத் தலையோடு வந்து அதற்கு முன்னால் நின்றுவிடுகிறார்கள். நேற்று அமுதவல்லி கேட்டாள், “எங்கம்மா ஆட்டையாம்பட்டி மண்டபத்துல எலை எடுக்கப் போவாங்க. ஒருக்கா வீடியோக்காரன் லைட்டு அவங்க மேல அடிச்சு, கண்ணு கூசிப்போச்சுன்னாங்க. அது இருக்குதான்னு உங்கண்ணங்கிட்டக் கேளு” என்று. உடனே பிரபா, தன் அம்மா ஒரு பிறந்தநாள் விழாவில் அடுத்தவர் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாளாம், படத்தில் குழந்தையும் இரண்டு கையும் மட்டும் இருக்கிறதாம், மிச்சம் எங்கே என்று கேட்கிறாள். பேச ஆரம்பித்ததும் பக்கத்து அறையிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள்.

யார் விழா, எந்த ஊர், எந்த மண்டபம், அம்மா எந்தப் பக்கம் நின்றாள் என்று இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறோம். இடம் போதாமல் இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். உங்கள் கடைப் படங்கள் மட்டும் இல்லை, உனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரிடமும் கேள். அவர்கள் அழிப்பதற்குள் கேள்.

தமிழினி